தாவரவியலைத் தொலைத்த பூங்காக்கள்

‘தாவரவியல் பூங்கா’ என்னும் தொடரில் முதற்சொல்லை மறந்துவிட்டோம். பூங்கா மட்டுமே எஞ்சியிருக்கிறது. கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் 1848இல் பொறுப்பேற்று உருவாக்கிய உதகைத் தோட்டத்தை இன்று நம்மில் பலர் மே மாத மலர்க்காட்சியால்தான் அறிவோம்.

அக்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதே இயற்கைக் கல்வி என்போரை மறுக்கிறேன். பல்லாயிரம் கொய்மலர்களைச் செருகி யானையும் கோட்டையும் சமைப்பது கண்ணுக்கு விருந்து, கல்வியன்று. அங்கே பூ வெறும் வண்ணம். அதன் இலையையோ வேரையோ, அதை நாடிவரும் வண்டையோ பிள்ளை காண்பதில்லை.

இழப்பு இலக்கியத்துக்கும்தான். குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்ப்பெயர்களையும் பிசகாமல் ஒப்பிக்கும் என் மாணவர் பலர், வேலியில் படர்ந்த காந்தளை அடையாளம் காணார். அதுவே நம் மாநில மலர் என்பது தேர்வுக்குத் தெரியும். அவர்தம் பாட்டிக்கோ அது கண்வலிக்கிழங்கு, நஞ்சென்றும் தெரியும். பாடநூலும் பாட்டியும் சந்திக்க ஓரிடம் வேண்டாமா? தாவரவியல் பூங்காவை விட்டால் வேறெது?

வாரம் ஒரு காலைப்பொழுது, ஒரு மரத்தடி, செடிகொடிகளை அறிந்த ஒருவர், பிள்ளையோடு பெற்றோரும் பாட்டியும். வேண்டுவது இவ்வளவே. ஆளில்லை, நிதியில்லை என்பார்கள். மலர்க்கோட்டைக்கு மட்டும் அவை எங்கிருந்து வந்தன?