"கறிக்குத்தானே" என்று கண்ணி வைக்கிறவர்களுக்கு



மாரி தொடங்கினால் வாவிக்கரைப் புல்லுக்குள் தங்கூசிக் கண்ணியும் தொடங்கிவிடும். கேட்டால், "ரெண்டு கானாங்கோழி, கறிக்குத்தானே சேர், யாருக்கு நட்டம்?" என்கிறார்கள்.

முதலில் அது கறிக்கு ஆகுமா என்று பாருங்கள். சூரா அல்மாயிதாவின் 3ஆம் வசனம் ஹராமாக்கியவற்றில் கழுத்து நெரிபட்டுச் செத்ததும் ஒன்று. உயிர் இருக்கும்போது பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் ஹலால். இரவில் கண்ணியை வைத்துவிட்டு, விடிந்தபிறகு போய் விறைத்துக் கிடப்பதைத் தூக்கி வருகிறவர் எதை அறுக்கிறார்?

அடுத்தது சட்டம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பட்டியலிட்ட ஒரு சில இனங்கள் தவிர மற்றப் பறவைகளைப் பிடிக்கவும் கொல்லவும் தடை போட்டிருக்கிறது. கறிக்கு என்றால் குற்றமில்லை என்று அதில் எங்கும் இல்லை.

"ஏழைகளின் வயிற்றில் அடிக்காதீங்க" என்று கொமன்ட் வரும். நம் வாப்பாமார் நம்மைவிட ஏழைகள். அவர்கள் கரப்பு குத்தினார்கள், அத்தாங்கு பிடித்தார்கள், வலை வீசினார்கள். கரப்பு குத்துகிறவர் முழங்கால் தண்ணீரில் அங்கேயே நிற்பார். மேல்வாயால் கைவிட்டு வேண்டியதை எடுப்பார், குஞ்சை விட்டுவிடுவார். பொறியும் அதற்குப் பொறுப்பானவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

தங்கூசியை வைத்தவரோ வீட்டில் தூங்குகிறார். கண்ணியானாலும் வலையானாலும் அது விடிய விடிய ஆளில்லாமல் கொல்கிறது. அறுந்துபோன தங்கூசி வலை உக்காது. மீன், நண்டு, மீனுக்கு முங்கிய நீர்க்காகம் எல்லாம் அதில் சிக்கிச் செத்து நாறும். அது யாருடைய கறி? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் இந்த வலை தடை. ஆனாலும் வாவிக்குள் கிடக்கிறது. குஞ்சு மீன் அழிந்தால் முதலில் அடுப்பு அணைவது வாவியையே நம்பியிருக்கிற மீனவர் வீட்டில்தான். அதுதான் ஏழையின் வயிற்றில் அடிப்பது.

பள்ளிவாசல் நிருவாகத்தினரே, ஜும்ஆவில் இதையும் பேசச் சொல்லுங்கள். மீனவர் சங்கத்தினரே, கரையில் கிடக்கும் தங்கூசியை ஒரு நாள் ஒதுக்கி அள்ளுங்கள். கடைக்காரர்களே, கேட்டு வந்தாலும் விற்காதீர்கள்.

வாவியில் உணவு தேட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பிடியுங்கள், குஞ்சை விடுங்கள், போகும்போது வலையைக் கையோடு கொண்டு போங்கள். இதற்கும் நேரமில்லை என்கிறவருக்கு வாவியில் பங்கு கேட்க உரிமையும் இல்லை.