பூட்டிய வீடும் பொதுப் பொறுப்பும்

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. அடுக்குமாடிகள் பெருகும் இதே சென்னைப் புறநகரில்தான் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடக்கும் தனிவீடுகளும் உண்டு. வாரிசுகளுக்குள் வழக்கு, வெளிநாடு போன பிள்ளைகள், விலை ஏறட்டும் என்ற காத்திருப்பு: காரணங்கள் பல. அவதி மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

திறந்து கிடக்கும் தொட்டியில் தேங்கும் மழைநீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். அதன் முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் கொசு ஒழிப்புப் பணியாளரால் என்ன செய்ய முடியும்?

சுவர்கள் இன்னும் ஆபத்தானவை. 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் இறந்தனர். சுவர் ஒருவருடையது, போன உயிர்கள் அடுத்த வீட்டாருடையவை.

அதிகாரம் இல்லாமல் இல்லை. ஆபத்தான கட்டடத்தைச் செப்பனிடவோ இடிக்கவோ உத்தரவிடும் உரிமை 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்தது. நோட்டீஸ் ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. கெடு தாண்டினால் மாநகராட்சியே சுத்தம் செய்து, செலவைச் சொத்துவரியோடு வசூலிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வார்டுவாரியாகப் பாழடைந்த வீடுகளின் பட்டியலை மாநகராட்சி வெளியிடட்டும். உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், இன்றே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.