திரைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று

ஆய்வுக்கூடத்து மேசைக் கணினிகள் பலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் பொறிகள் இருக்கின்றன. ஒன்று பிராசஸருக்குள்ளேயே அமைந்தது. கணினியின் பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வது. மற்றொன்று தனிக் கார்டு. தனக்கென்று நினைவகம் உடையது. மானிட்டரைக் கார்டில்தான் செருக வேண்டும் என்பர் நண்பர் பலர். விளையாட்டுக்கு அது சரி. ஆராய்ச்சிக்கு அது வீண் என்பது என் துணிபு.

காரணம் எளிது. திரையை வரைவதற்கும் கார்டின் நினைவகம் செலவாகிறது. 8 ஜிபி கார்டை நிரப்பி ஒரு கணக்கு ஓடும்போது, பிரவுசர் தின்னும் சில நூறு எம்பியே அதை நடுவழியில் நிறுத்திவிடக்கூடும். இரவெல்லாம் ஓடிய கணக்கு விடியலில் செத்துக் கிடந்தால் நட்டம் யாருக்கு?

ஆகவே, நண்பர்களே, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகுங்கள். கார்டு இருந்தால் உள்ளமைப் பொறியைப் பயாஸ் அணைத்து வைப்பதுண்டு. பொறுப்பாளரிடம் சொல்லி அதை இயக்குங்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளமைப் பொறியே கிடையாது. அங்கு இவ்வழி செல்லாது.

மூலக்கூறுப் படங்களைச் சுழற்றிப் பார்க்கக் கார்டு வேண்டுமா? கேபிளைப் பிடுங்க வேண்டாம். எந்த மென்பொருளுக்கு எந்தப் பொறி என்று விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பிலேயே குறிக்கலாம். 2018 முதல் அவ்வசதி உண்டு. கார்டு வரைந்த படம் உள்ளமைப் பொறி வழியே திரையேறுவதால் வேகம் சிறிது குறையும். குறையட்டும்! பலருக்கும் பொதுவான கார்டு, பார்வைக்கு முன் பணிக்கு உழைக்கட்டும்.