சரிந்த தாங்கிக்கு அப்பால்

கிளிநொச்சி என்றதும் வெளியூர்க் கமராக்கள் தேடியது போரில் சரிந்த தண்ணீர்த் தாங்கியைத்தான். ஊரின் மற்றக் காட்சிகளை யார் எடுப்பது? 2011–12இல் தமிழ் விக்கி ஊடகப் போட்டி நடந்தது. அதில் தமிழர் வாழ்வு சார்ந்த படங்களை, எவரும் பயன்படுத்தும் உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற முடிந்தது. இப்படியான போட்டிகளில் வன்னிப் பெடியள் இறங்க வேண்டும். பரிசு கிடக்கட்டும். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் குளக்கட்டு முழுக்கக் கைபேசிதான். அடுத்த கிழமை அந்தப் படம் முகநூலில் எங்கே கிடக்கிறதென்று எடுத்தவருக்கே தெரியாது. திகதியும் இடமும் எழுதிப் பொதுவகத்தில் ஏற்றினால் பள்ளிப் பிள்ளையின் ஒப்படைக்காவது உதவும். வற்றாப்பளைக் கோயில் பொங்கலை எல்லோரும் எடுக்கிறார்கள்; வயலில் வெட்டு மெசினுக்குப் பின்னால் திரியும் கொக்குகளையும் எடுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் சரியாக எழுதுங்கள்: முள்ளியவளை வேறு, முள்ளிவாய்க்கால் வேறு.