நல அதிகாரி யாருடைய ஆள்?

தோழனே!

நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. அடுத்த தெருப் பெண் பேறுகால வலியால் துடிக்கிறாள் என்கிறார்கள். ஓடுகிறாய், வண்டி பிடிக்கிறாய், மருத்துவமனை வாயிலிலே விடியும்வரை நிற்கிறாய். கூலி கேட்டதுண்டா? இல்லை. அத்தகைய உன்னிடம், "சமூகப் பணி ஒரு தொழில், அதற்குப் படிப்புண்டு, பட்டமுண்டு, மாதச் சம்பளமும் உண்டு" என்றால் நகைக்கத்தான் தோன்றும். தொண்டுக்குச் சம்பளமா என்பாய்!

பொறு. ஆலைத் தொழிலாளி ஒருவன் மூன்று நாட்களாக வேலைக்கு வரவில்லை. "குடிகாரன், சீட்டைக் கிழி" என்கிறார் மேலாளர். "ஐயோ பாவம்" என்று நோட்டு ஒன்றை நீட்டுகிறார் தருமவான். என்ன நேர்ந்தது என்று அவனை இருவருமே கேட்கவில்லை! கேட்கப் பயின்றவன் வீட்டுக்குச் செல்கிறான், வாசலில் வட்டிக்காரனைக் காண்கிறான், உள்ளே மனைவியின் ஓயாத இருமலைக் கேட்கிறான், ஈ.எஸ்.ஐ. மருத்துவத்தைப் பிச்சையாக அல்ல, உரிமையாகப் பெற்றுத் தருகிறான். பரிவு உன்னிடமும் உண்டு, அவனைவிட மிகுதியாகவே உண்டு. எனினும் கேட்கும் முறை, சட்ட அறிவு, கேட்டதை ஊருக்கு உரைக்காத கட்டுப்பாடு, இவை பயின்று பெறவேண்டியவை. அதற்கெனவே 1936-இல் பம்பாயிலே டாட்டா அறநிதி பள்ளி நிறுவியது. 1952-இல் சென்னையிலே மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிப் பள்ளி கண்டார்.

சிக்கல் படிப்பில் இல்லை, படியளப்பவரிடம் இருக்கிறது. மேஸ்திரிகளின் கையூட்டுக் கொடுமையை ஒழிக்கத் தொழிலாளர் அதிகாரி வேண்டும் என்று 1931-லேயே தொழிலாளர் ராயல் கமிஷன் கூறிற்று. 500 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தொழிற்சாலையில் நல அதிகாரி இருந்தே தீரவேண்டும் என்று விதித்தது, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. நன்று! நியமிப்பவர் யார்? முதலாளி. சம்பளம் தருபவர்? அவரேதான்! குறைகேட்க வந்தவர் கையிலேயே குற்றப்பத்திரிகையையும் திணிப்பது அவருக்கு எவ்வளவு எளிது! 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த 500-ஐ 250 ஆக்கியது. நியமிக்கும் கையை மாற்றவில்லை.

உன் ஊர் ஆலையிலும் அப்படியோர் அறை இருக்கக்கூடும். உள்ளே இருப்பவரை "முதலாளியின் ஆள்" என்று ஏசிவிட்டுத் திரும்பாதே. அவரும் மாதச் சம்பளக்காரரே, மனம் நொந்தவராகவும் இருக்கலாம். தொழிலாளிமீது விசாரணை வந்தால் நிர்வாகத்தின் பக்கம் உட்காரச் சொல்கிறார்களா என்று மட்டும் கேள். அவர் விடை சொல்லத் தயங்கினால், சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், போனசுக்குக் கீழே, அதையும் ஒரு வரியாக எழுது.