சிவன் கோயிலுக்கு ஓடுறவங்க ‘கோவிந்தா’ என்று சொல்வது ஏன்? 110 கி.மீ. சிவாலய ஓட்டமும், நடப்பவர்களுக்கு வந்திருக்கும் சிக்கலும்!

மகா சிவராத்திரி என்றால் பெரும்பாலான ஊர்களில் ஒரே கோயிலில் உட்கார்ந்து இரவு முழுக்கக் கண்விழிப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கதையே வேற. இங்கே 12 சிவன் கோயில்களை நடந்தும் ஓடியும் சுற்றி வருகிறார்கள். மொத்தம் சுமார் 110 கி.மீ. இதுதான் சிவாலய ஓட்டம். சிவராத்திரி அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடும் அளவுக்குப் பெரிய நிகழ்வு இது.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

சிவராத்திரிக்கு முந்தைய நாள் பிற்பகலில் முஞ்சிறை அருகே உள்ள திருமலையில் ஓட்டம் தொடங்குகிறது. அதன் பிறகு வரிசையாக திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, திருப்பன்னிபாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு. கடைசியாக சிவராத்திரி இரவில் திருநட்டாலம்.

ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ குளித்துவிட்டு, ஈர உடையோடுதான் தரிசனம். கையில் ஒரு பனை ஓலை விசிறி இருக்கும். சுவாமிக்கு வீசுவதற்காக அது.

சிவனுக்கு ஓட்டம், பெருமாளுக்குக் கோஷமா?

இதற்குப் பின்னால் ஒரு பாரதக் கதை சொல்லப்படுகிறது. தருமரின் யாகத்துக்கு புருஷாமிருகத்தின் பால் தேவைப்பட்டது. பாதி மனிதன், பாதி மிருகம், தீவிர சிவபக்தன். திருமாலின் பெயரைக் கேட்டாலே அதற்குக் கோபம் வரும். பாலைக் கொண்டுவரப் பீமனை அனுப்பிய கண்ணன், கையில் 12 ருத்திராட்சங்களையும் கொடுத்தார்.

பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவ, மிருகம் துரத்தியது. பிடிபடும் நேரத்தில் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான். அது லிங்கமாக மாறியது. மிருகம் துரத்துவதை விட்டுவிட்டு அங்கேயே நின்று பூஜை செய்தது. இப்படி நின்ற 12 இடங்கள்தான் 12 சிவாலயங்கள் என்பது நம்பிக்கை. கடைசியில் அரியும் சிவனும் ஒன்று என்று இருவருக்கும் புரிந்ததாம். திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் இருப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

வழியில் யாரைச் சந்திக்கிறார்கள்?

ஓடுபவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: கோவிந்தன்மார். படித்தவர், கூலி வேலைக்குப் போகிறவர், முதல் முறை வருகிறவர், பல வருஷமாக வருகிறவர் என்று எந்த வித்தியாசமும் கிடையாது. வழி தெரியாதவர் முன்னால் போகும் கூட்டத்தின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். கால் வீங்கியவருக்கு அடுத்தவர் துணை. வழியோர ஊர்க்காரர்கள் சுக்கு நீர், மோர், பானகம், கஞ்சி என்று கொடுக்கிறார்கள்.

திற்பரப்பு ஏன் முக்கியம்?

மூன்றாவது கோயில் இது. கோதையாற்றின் கரையில், சுமார் 50 அடி அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்குப் பார்த்த சன்னதியில் சிவன் உக்கிரமான வீரபத்திர வடிவில் இருப்பதாக ஐதீகம். திருமலையில் பிற்பகலில் கிளம்பியவர்கள் நடந்து இங்கே வந்து சேரும்போது இருட்டிவிடும். குளித்துவிட்டு, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே திருநந்திக்கரைக்குக் கிளம்ப வேண்டும். இன்னும் ஒன்பது கோயில்கள் பாக்கி.

சரி, இப்போ என்ன சிக்கல்?

இப்போது பைக்கிலும் காரிலும் வேனிலும் 12 கோயில்களைச் சுற்றி வருபவர்கள் ஏராளம். வயதானவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் வேறு எப்படி வர முடியும்? அதில் தவறு இல்லை. ஆனால் நடப்பவரும் வண்டியும் போவது ஒரே சாலையில். பல இடங்களில் அது குறுகலான, வளைவான சாலை. நேரமோ இரவு. நடப்பவர் தூக்கமில்லாமல், கால் வலியோடு போகிறார். வண்டியில் போகிறவர் அடுத்த கோயிலுக்குச் சீக்கிரம் போக நினைக்கிறார். ஆபத்து அங்கேதான்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

திண்டுக்கல் - பழனி சாலையில் பாதயாத்திரை போகிறவர்களுக்கென்றே ஓரத்தில் தனி நடைபாதை இருக்கிறது. ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரையில் குறைந்தது 100 கி.மீ. தூரமாவது நடந்தவருக்குத்தான் சான்றிதழ். சைக்கிள் என்றால் 200 கி.மீ. ஓட்ட வேண்டும். நடப்பவருக்கு அங்கே தனி மதிப்பு.

குமரியின் மேற்குப் பகுதியில் சாலையை ஒட்டியே வீடும் தோட்டமும் இருப்பதால், 110 கி.மீ. முழுக்கத் தனிப்பாதை போடுவது சுலபமில்லை. ஆனால் அந்த ஒரு இரவு, ஒரு பகலுக்கு மட்டும் சில பகுதிகளை ஒருவழிப் பாதையாக்கலாம். வேன்களைக் கோயிலுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, மீதி தூரத்தை நடக்கச் சொல்லலாம். வளைவுகளில் விளக்கு போடலாம். நடப்பவர்களும் விசிறியோடு சேர்த்து ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்றை முதுகில் ஒட்டிக்கொள்ளலாம்.

கதையில் புருஷாமிருகம் 12 இடங்களில் நின்றதால்தான் பீமன் பிழைத்தான். அடுத்த சிவராத்திரிக்கு வண்டியில் போறவங்க இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: முன்னால் ‘கோவிந்தா’ சத்தம் கேட்டா, ஆக்சிலரேட்டரில் இருந்து கையை எடுத்துடுங்க.