பூச்சி புகாத பொட்டலம்: மருந்து வேண்டாம், சீல் வேண்டும்

மாவு, ரவை, பருப்பு, சிறுதானியம் பொட்டலமிட்டு விற்கும் சிறு உற்பத்தியாளர் கூட்டமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

கேள்வி

ரவை பாக்கெட்டைப் பிரித்ததும் வண்டு ஓடுகிறது. வாங்கியவர் கடைக்காரரிடம் போகிறார். அவர் கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனி கடையின் குடோனைக் கைகாட்டுகிறது. கடைசியில் சரக்கு ரிட்டர்ன் ஆகிறது, நஷ்டம் சிறு உற்பத்தியாளர் தலையில் விழுகிறது. இதற்கு விடையாகத் தடிமனான பிலிம், பூச்சிமருந்து ஏற்றிய பை, காற்றுப் புகாத பை எனப் பலவும் முன்வைக்கப்படுகின்றன. இவற்றில் எதை ஆதரிக்கிறோம், எதை எதிர்க்கிறோம் என்பதை இங்கே தெளிவுபடுத்துகிறோம்.

சுருக்கமாக

பூச்சியைத் தடுக்கும் பொட்டலம் தேவை. அந்தத் தடுப்பு பிலிமின் உறுதியாலும் சீலின் நேர்த்தியாலும் வர வேண்டும். சில்லறை உணவுப் பொட்டலத்தில் பூச்சிமருந்து சேர்ப்பதை ஏற்க மாட்டோம். உள்ளே போகும் சரக்கு சுத்தமாக இல்லாவிட்டால் எந்தப் பொட்டலமும் பயன் தராது.

பூச்சி எந்த வழியில் வருகிறது

சேமிப்புப் பூச்சிகளில் இரண்டு ரகம் உண்டு. தானியத் துளைப்பானும் சிகரெட் வண்டும் அரிசி அந்துப்பூச்சியின் புழுவும் பிலிமையே கடித்துத் துளைக்கக் கூடியவை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பாக்கெட்டில் குண்டூசி குத்தியதுபோல் வட்டமான ஓட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் சிகரெட் வண்டின் வேலை. சிவப்பு மாவு வண்டும் ரம்பப்பல் வண்டும் வேறு ரகம். அவை பிலிமைத் துளைக்க மெனக்கெடுவதில்லை. திறந்த வழியைத் தேடிப் புகுகின்றன. மாவு, ரவை, மைதாவில் நமக்கு அதிகத் தொல்லை தருபவை இவைதான்.

அந்தத் திறந்த வழியை நாமேதான் போட்டுத் தருகிறோம். ஒரு கிலோ பாக்கெட்டைக் காலி செய்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு மடிப்பும் மேல் சீலும் சந்திக்கும் மூலையில், பிலிம் நான்கு மடங்காகத் தடித்திருக்கும் இடத்தில், சூடு சரியாக ஏறாமல் மெல்லிய இடுக்கு நிற்கும். மாவுத் தூசி படிந்த சீல் பட்டை அழுத்திய இடத்தில் ஒட்டு விட்டிருக்கும். அடுக்கும்போது பாக்கெட் வெடிக்காமலிருக்க, காற்று வெளியேறுவதற்கென ஊசியால் குத்திய துளைகளும் வரிசையாகத் தெரியும். ரம்பப்பல் வண்டுக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே போதும். முட்டையிலிருந்து வந்த இளம் புழுவுக்கு அதிலும் சிறிய வழி போதும். மூட்டைகளிலும் இதே கதைதான்: தையல் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் பூச்சிக்கு ஒரு வாசல்.

இன்னொரு வழி பொட்டலத்துக்கு முந்தையது. அரிசிக் கூன்வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மணி நல்ல மணியாகவே தெரியும். நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதத்தில் வண்டு வெளியே வரும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. இப்படி வந்த சரக்கை எவ்வளவு உயர்ந்த பிலிமில் அடைத்தாலும், அந்தப் பிலிம் பூச்சியைப் பத்திரமாக வளர்த்துத்தான் கொடுக்கும்.

எங்கள் நிலைப்பாடு

1. முதல் செலவு சீலுக்கு. பளபளப்பான அச்சுக்கும் கூடுதல் மைக்ரானுக்கும் பணம் போடுமுன், சீலிங் இயந்திரத்தின் சூடு, அழுத்தம், பட்டையின் சுத்தம் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். காற்றுத் துளைகளைக் கைவிட்டு, சீல் செய்யுமுன் காற்றை அழுத்தி வெளியேற்றும் முறைக்கு உறுப்பினர்கள் மாற வேண்டும். தைக்கும் மூட்டைகளுக்குத் தையலின் மேல் ஒட்டுநாடா போட வேண்டும்.

2. பிலிமைப் பொருளுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். காகிதமும் மெல்லிய பாலிதீனும் துளைக்கும் பூச்சிகளுக்கு எளிய இரை. பாலிப்ரொப்பிலீன் அவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். பாலியெஸ்டர் அதைவிட உறுதியானது. மசாலாத்தூளுக்குப் பாலியெஸ்டர் அடுக்கு உள்ள பிலிம் நியாயமான செலவு. சீக்கிரம் விற்றுத் தீரும் ரவைக்கு நல்ல சீல் போட்ட பாலிப்ரொப்பிலீனே போதும்.

3. சில்லறைப் பொட்டலத்தில் பூச்சிமருந்து கூடாது. டெல்டாமெத்ரின் ஏற்றிய பைகள் சில நாடுகளில் தானிய மூட்டைக்குப் பயன்படுகின்றன. அமெரிக்காவில் பல அடுக்குக் காகிதப் பைகளின் வெளியடுக்கில் பைரெத்ரின் பூசும் வழக்கம் இருந்தது. கழுவாமல் நேராக அடுப்புக்குப் போகும் மாவுக்கும் ரவைக்கும் இது பொருந்தாது. பாஸ்பீன் புகைக்கே தானியத் துளைப்பானும் சிவப்பு மாவு வண்டும் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதைப் பார்த்துவிட்டோம். ஒரே மருந்தை எல்லாப் பையிலும் ஏற்றினால் அதற்கும் அதே கதிதான்.

4. விதைக்கும் பயறுக்கும் காற்றுப் புகாத பைகளை ஆதரிக்கிறோம். பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய முறை இது. நெய்த சாக்குக்குள் இரண்டு தடித்த பாலிதீன் உறைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுகக் கட்ட வேண்டும். உள்ளிருக்கும் பூச்சியே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகிறது, மருந்தே தேவையில்லை. சரக்கு நன்கு காய்ந்திருக்க வேண்டும், உறையில் கிழிசல் இருக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் விவசாயிகளுக்குச் சொல்லித்தான் இந்தப் பைகளைக் கொடுக்க வேண்டும்.

5. குப்பையின் கணக்கும் சேர்த்தி. அலுமினியம் சேர்ந்த பல அடுக்கு உறை பூச்சியை நன்றாகத் தடுக்கும், மறுசுழற்சிக்குச் சிரமம். எல்லா அடுக்கையும் பாலிப்ரொப்பிலீன் வகையிலேயே அமைத்தால் பாதுகாப்பும் கிடைக்கும், மறுசுழற்சிக்கும் வழி இருக்கும். அதே சமயம், மக்கும் பை என்ற பெயருக்காகப் பூச்சி எளிதில் துளைக்கும் பிலிமை உணவுக்குக் கட்டாயமாக்கினால், பை மிச்சமாகும். உள்ளிருக்கும் சாப்பாடு குப்பைக்குப் போகும்.

மற்றவர்களிடம் கேட்பது

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொட்டல விதிமுறைகள், பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் என்ன கசியலாம், எவ்வளவு கசியலாம் என்பதை வரையறுக்கின்றன. மொத்தக் கசிவு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெளியிலிருந்து பூச்சி உள்ளே போவதற்கும் இதே கண்டிப்பு வேண்டும். மாவு, ரவை, பருப்புப் பொட்டலங்களுக்குச் சீல் உறுதி, காற்றுக் கசிவு ஆகியவற்றில் எளிய பரிசோதனை அளவுகோலை ஆணையம் வகுக்கட்டும். தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சின்னத் தொழிற்கூடத்திலும் செய்யலாம்.

புகார் வந்தால் பிரித்த பாக்கெட்டைத் தூக்கியெறியாமல் ஆய்வுக்கு எடுக்க வேண்டும். பூச்சி கடிக்கத் தொடங்கிய பக்கத்தில் கீறல்கள் இருக்கும், ஓட்டையும் அந்தப் பக்கத்தில் அகன்று மறுபக்கம் குறுகும். உருப்பெருக்கியில் பார்த்தால் பூச்சி உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து புகுந்ததா என்று பல நேரம் சொல்லிவிடலாம். யார் பொறுப்பு என்பதை இந்தச் சான்று தீர்மானிக்கட்டும். சந்தையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது தீர்மானிக்கக் கூடாது.

கடைக்காரர்கள் பழைய சரக்கை முன்னால் வைத்து விற்க வேண்டும். கிழிந்த பாக்கெட்டைப் புதுச் சரக்கோடு அடுக்கக் கூடாது. ஒரு மூலையில் சிந்திய மாவு அந்த அலமாரி முழுவதற்கும் பூச்சி கொடுக்கும்.

தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளவை. பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறிகள் எங்கள் குடோன்களுக்கு அப்படியே பொருந்தும். மகளிர் குழுக்களுக்கும் சிறு ஆலைகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் சீல் பரிசோதனையும் பயிற்சியும் தர இவ்விரு நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் செய்வது

இந்தக் கோரிக்கைகளுக்கு ஈடாக எங்கள் உறுப்பினர்கள் சில கடமைகளை ஏற்கிறார்கள். தானியம் வந்ததும் சலித்துப் பார்ப்பது, ஈரப்பதம் அளப்பது, சந்தேகமான லாட்டைத் தனியே வைப்பது. பருப்பையும் சிறுதானியத்தையும் பொட்டலமிடுமுன் சூடேற்றும் வசதியைப் பல கூடங்கள் கூட்டாக அமைப்பது. தானியம் முழுவதும் 60 டிகிரி செல்சியஸ் ஏறினால் முட்டை முதல் வண்டு வரை சில நிமிடங்களில் செத்துவிடும். ஒவ்வொரு பேட்சிலும் சீல் சோதனை செய்து பதிவேட்டில் எழுதுவது. ஓட்டை உள்ளிருந்து வந்தது என்று ஆய்வு சொன்னால், வாதாடாமல் அந்தப் பேட்ச் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்வது. இதில் தவறும் உறுப்பினருக்காகக் கூட்டமைப்பு எந்த மன்றத்திலும் பரிந்து பேசாது.